பன்னிரண்டு டிகிரி

பக்கி வந்திருக்கு என்றேன் போனில்.
தன்னைத்தான் சொல்கிறேன் என்று
தட்டுவடைத் தட்டை டொக்கென வைத்தாள்
பக்கத்துக் கடைப் பூங்காவனம்.
அப்புறம் எட்டிப் பார்த்தாள்:
கூரையில்லை, கதவில்லை,
குழாய் குழாயாய் விலா எலும்பு.
"பேரு பொருத்தம்தான்."

நாகலூர் எஸ்டேட்டில் மிளகு மூட்டை சுமக்கிற வண்டி.
ஜீப் திரும்பி வருகிற சரிவில் இது இறங்கும்.
ஆனால் மூக்கு தாழ்வு.
பாறை பாறையாய் முட்டி
முன்பீமின் அடிக்குழாய்
கொலுசுப் பட்டறையில் மெருகு போட்டதுபோல் மின்னியது.
"ரெண்டு விரக்கடை தூக்கிக் குடும்மா"
என்றார் ரைட்டர் லாசர்.

பீம் என்பது இரண்டு குழாய், ஒன்றின் மேல் ஒன்று.
உள்ளே அடுக்கடுக்காய் எஃகுப் பட்டை.
சக்கரம் ஏற இறங்க
இரண்டு முனையும் முறுக்கிக்கொள்ளும்,
நடுவில் ஒரு திருகு மட்டும் அசையாது.
அசையாத அந்த இடத்தை அறுத்து
பன்னிரண்டு டிகிரி திருப்பி
ஒட்டிவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

பட்டைகளை முதலில் உருவினோம்,
சூடு பட்டால் முறுக்கு செத்துவிடும்.
பழைய கிரீஸ் முஸ்தபாவுக்கு முழங்கை வரை.
கருப்பூர் ரோட்டில் பொறுக்கிய வெள்ளைக்கல்லால்
கோடு கிழித்தேன்.
அறுத்தேன். திருப்பினேன்.
நாலு பொட்டு வைத்துக் கோணம் பார்த்தேன்.
மேல்குழாய் பன்னிரண்டு, கீழ்க்குழாய் பன்னிரண்டு.
சுற்றிலும் வெல்டிங் ஓட்டி முகமூடியைத் தூக்கியபோது
இரவு பதினொன்று.

மறுநாள் சக்கரம் மாட்டி ஜாக்கியை இறக்கினோம்.
இறங்கியது.
இறங்கியது.
இன்னும் இறங்கி
கிழங்கு தோண்டும் பன்றிபோல் நின்றது.

முஸ்தபா ஸ்பேனரைத் துடைத்தான்,
ஏற்கெனவே துடைத்த ஸ்பேனர்.
ஸ்டாண்டில் பீமைக் கவிழ்த்துப் போட்டிருந்தோம்.
"இப்பத்தான் ஏறி உக்காரச் சுளுவா இருக்கு"
என்றாள் பூங்காவனம். நல்லவள்.

மறுபடி அறுக்கும் முன்
அதே வெள்ளைக்கல்லால் பெரிதாக எழுதினேன்
மேல்குழாயின் முதுகில் வானம்,
கீழ்க்குழாயின் வயிற்றில் மண்.
இருபத்து நாலு டிகிரி திருப்பினேன்:
பன்னிரண்டு என் கடனுக்கு,
பன்னிரண்டு லாசருக்கு.

அவரிடம் சொல்லிவிட்டேன்,
"புதுசா எதுவும் சேரலீங்க.
பாறைக்குக் குடுத்ததைப்
பள்ளத்துல இருந்துதான் எடுத்திருக்கேன்.
குழி வந்தா சக்கரம் முந்தி மாதிரி எட்டாது."
"குழி கண்ணுக்குத் தெரியும்.
பாறைதான் சருகுக்குள்ள படுத்துக்கிட்டு இருக்கு."

லாரியில் ஏற்றி மலைக்குக் கொண்டுபோனோம்.
சில்வர் ஓக் வரிசைக்கு நடுவே
வழக்கமாய் முட்டுகிற பாறை,
முட்டவில்லை.
அடுத்த ஓடையில் இடது சக்கரம் தரை தொடாமல்
அந்தரத்தில் சும்மா சுற்றியது கொஞ்ச நேரம்.
நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கீழே வந்ததும் லாசர் வேட்டியை மடித்துக் கட்டி
வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்தார்.
"எழுத்து அப்பிடியே இருக்கும்மா!"
நானும் குனிந்து பார்த்தேன்.
கடைசிப் புள்ளியை மட்டும்
ஏதோ புல் துடைத்திருந்தது.