ஏற்றம்

பரமேஸ்வராச் சந்தியில் மூன்று மணி வெயில்.
ஐஸ்கிறீம் கொம்பனி வாகனத்தில்
இரண்டு கிலோ உலர்பனி வந்தது,
ரெஜிபோம் பெட்டிக்குள் புகைந்துகொண்டு.
சாரதி மரியநேசன் பற்றுச்சீட்டை நீட்டினார்.
"இதை வைச்சு என்ன மிஸ் செய்யப்போறியள்?"

பழைய மீன்தொட்டி. அடியில் கறுப்புத் தகடு.
மேல்விளிம்பில் அற்ககோல் ஊறிய பஞ்சு.
யன்னலைச் சாத்தி
ரோச் லைற்றைப் பக்கவாட்டில் பிடித்தேன்.
பத்து நிமிடம் ஒன்றுமில்லை.
அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

பிறகு ஒரு கீறல்.
நகத்தால் இழுத்ததுபோல வெள்ளைக் கோடு,
பார்க்கும்போதே தளர்ந்து விழுந்தது.
இன்னொன்று. இன்னொன்று.
கூரையையும் எங்கள் இருவரையும்
கேட்காமல் கடந்து வந்தவை.

"உது எங்கையிருந்து வருது?"

வளிமண்டலத்தின் உச்சியில்
ஒரு புரோத்தன் காற்றில் மோதிய சிதறல், என்றேன்.
அந்தப் புரோத்தன் அதற்கு முன்
எங்கேயோ வெடித்த விண்மீன் ஒன்றின் ஓரத்தில்,
விரிந்துகொண்டே போகும் அதிர்வலையை
முன்னும் பின்னுமாய் ஆயிரம் தரம் கடந்து
கடக்குந்தோறும் வேகம் கூடி
ஒருநாள் வெளியே தெறித்தது.
அப்படித்தான் நினைக்கிறோம்.
எந்த விண்மீன் என்று கேட்டால் தெரியாது.
ஏற்றம் உள்ள துணிக்கை, அண்ணை.
பால்வீதி முழுக்கக் காந்தப்புலம்,
திருப்பித் திருப்பி விடும்.
கோடி வருடம் அலைந்து இங்கே வருகிறபோது
வந்த திசைக்கும் பிறந்த திசைக்கும்
ஒரு சம்பந்தமும் இல்லை.

"ஏத்தின சாமான் எண்டாத் திருப்பத்தானே செய்வாங்கள்.
ஓமந்தையில மூண்டு நாள் நிண்டனான்,
வெங்காயத்தோட.
வெறும் லொறியைக் கனநேரம் மறிக்கிறேல்லை."

திருத்த வாயெடுத்தேன். திருத்த என்ன இருக்கிறது?
வெடித்த இடத்தருகே பிறக்கும் காமாக் கதிருக்கு
ஏற்றமில்லை. அது நேரே வரும்.
அதைப் பிடித்துத்தான் தொலைநோக்கிகள்
இன்ன விண்மீனின் மிச்சம் என்று கைகாட்டுகின்றன,
சிலவற்றுக்கு மட்டும்.
மற்றதெல்லாம் இன்னும் வழக்கில் கிடக்கிறது.

"அப்ப ஒண்டும் கொண்டு வராததுதான்
ஊரைச் சரியாச் சொல்லுமோ?"

எனக்குப் பதில் வரவில்லை.
பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்தேன்.
அவர் அதை வாங்கவில்லை.
தொட்டிக்கு மேலே உள்ளங்கையை விரித்தார்.

"இப்ப இதுக்குள்ளாலயும் போகுதோ?"
"செக்கனுக்கு ஒண்டு, ரெண்டு."
"சுடேல்லையே."

வெளியே வாகனத்தின் குளிர்ப்பெட்டி
இரைந்துகொண்டு நின்றது.
அவர் கையை எடுக்காமல்
உதட்டுக்குள் எண்ணத் தொடங்கியிருந்தார்.