நாற்பத்திரண்டு தப்படி

ஏ விங் வாசலிலிருந்து பி விங் வாசலுக்கு
நாற்பத்திரண்டு தப்படி.
மகனுக்குக் கல்யாணம், காலி செய்யுங்கள் என்றார் வீட்டுக்காரர்.
பாண்டுப்பில் ஏப்ரல் வெயிலில் யார் வீடு தேடி அலைவது?
எதிர் விங்கில் மூன்றாம் மாடி காலியாயிருந்தது.
ஃப்ரிட்ஜை இரண்டு பேர் தூக்கினார்கள்.
மற்றதெல்லாம் நானே, நடந்தே.

அங்கிருந்த ஆறு வருஷமும்
தண்ணீர் நோட்டு என்னிடம்தான்.
டேங்கர் வந்த நேரம், குச்சி விட்டு அளந்த ஆழம்,
யாருக்கு எத்தனை நிமிஷம் வால்வு.
எங்களுக்கு நாற்பத்தைந்து, அவர்களுக்கு முப்பத்தைந்து.
எங்கள் குழாய் பழசு, மெதுவாகத்தான் ஏறும்.
ஒரு நாளும் அதை அநியாயமென்று நினைத்ததில்லை.
கணக்கு என்றே நினைத்தேன்.

வந்து மூன்று வாரம்.
பி விங்கில் கைக்குழந்தைகள் ஐந்து.
எதற்கு எண்ணினேன், தெரியாது.
இரண்டாம் மாடியில் டயாலிசிஸ் போகும் மனிதர் ஒருவர்.
குழாயைத் தொட்டுப் பார்த்தேன்,
இவர்களுடையதுதான் சன்னம்.
அடுத்த புதன்கிழமைக்குள்
அது எங்களுடையதாகிவிட்டது.

உஜ்வலா காவண்கர் எனக்கு மராத்தி சொல்லித் தந்தவள்.
ஏ விங்கில் எதிர்க்கதவு.
வெந்தயக்கீரை ஆய்ந்தபடி ஒரு நாள் சந்தோஷப்பட்டாள்,
உங்களுக்கு நாம், நாங்கள் என்று இரண்டிருப்பதுபோல
எங்களுக்கும் உண்டு தெரியுமா என்று.
கேட்பவளையும் சேர்த்துக்கொண்டால் ஆபண்.
அவளை வெளியே நிறுத்திவிட்டால் ஆம்ஹி.

ஞாயிறு மீட்டிங், பார்க்கிங்கில், பிளாஸ்டிக் நாற்காலிகள்.
எழுந்து நின்று குழாயின் சன்னத்தைப் பேசினேன்.
குழந்தைகளைப் பேசினேன்.
குரல் தழுதழுத்தது, அதுவும் நடிப்பில்லை.
நோட்டு இப்போது உஜ்வலா கையில்.
பக்கம் புரட்டி, என் கோணல் ஹிந்தியை வாசித்தாள்:
"பி விங்காரர்கள் வாளி வழிய வழியக் குழாயை மூடுவதில்லை.
எவ்வளவு விட்டாலும் இவர்களுக்குப் போதாது."

எழுதிய நாள் நினைவிருக்கிறது.
வழிந்தது ஒரே ஒரு வாளி.
அதே வாரம் என் வீட்டிலும் வழிந்து
படியெல்லாம் ஈரம்.
அதற்கு மறதி என்று பெயர்.
அவர்கள் வாளி வழிந்தால் அது குணம்.

நோட்டை மூடிவிட்டு
என் முகத்தைப் பார்க்காமல்
ஆம்ஹி என்று தொடங்கினாள் உஜ்வலா.
மீதி வாக்கியம் எனக்குக் கேட்கவில்லை.

வால்வைத் திருகுகிறவர் ராம்தனி.
படுக்கை மீட்டர் அறையில், இரு விங்குக்கும் நடுவே.
அவர் குளிக்கும் தண்ணீரை எந்தப் பக்கத்தில் எழுதினேன் என்று
இரவு படுத்தபடி தேடினேன்.
ஆறு வருஷத்தில் எங்கும் எழுதவில்லை.

அவரிடம் இருப்பது ஒரே சொல், ஹம்.
நாம் என்றாலும் அதுதான், நாங்கள் என்றாலும் அதுதான்.
அவர் ஊர்ப்பக்கம்
நான் என்றாலும் அதுதான்.

நோட்டு கைமாறியது தெரிந்தும்
காலை ஐந்தரைக்கு, பழக்கத்தில்,
ஸ்பானரோடு என்னிடம் வந்து நின்றார்.
ஹம் எவ்வளவு நேரம் திறக்கணும், மேடம்?
நாற்பது என்றேன்.
இரண்டுக்குமா?

எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று
குனிந்து என் செருப்பைப் பார்த்துவிட்டுத்தான்
பதில் சொன்னேன்.