நியாயமான தேய்மானம்

முப்பத்தாறாம் மாதம், கடைசி நாள்.
மேட்டுப்பாளையம் யார்டில் சாவியைக் கொடுத்தேன்.
டேங்க் நிரப்பி, மிதியடி உதறி,
டேஷ்போர்டில் கிடந்த பஞ்சுப் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு.
பையன் ஒருவன் வண்டியைச் சுற்றிவந்து
"நல்லா வெச்சிருக்கீங்க மேடம்" என்றான்.
அதை எழுதிக் கொடு என்று கேட்கவில்லை.
என் முதல் தப்பு அது.

பதினோராம் நாள் வந்தது கணக்கு.
கிளட்ச் தட்டு, அளவுக்கு மீறிய தேய்வு.
பிரேக் பட்டை, அதுவும்.
கண்ணாடி ரப்பரில் பாசி.
இடது பின்கதவில் ஒடுக்கு ஒன்று.
முன்பணம் அறுபதாயிரம் கழிந்ததுபோக
இன்னும் இருபத்தேழாயிரத்து நானூறு
நான் தரவேண்டுமாம்.

ஒப்பந்தம் இருபத்திரண்டு பக்கம்.
ஒன்பதாம் பக்கத்தில், கடுகெழுத்தில்,
"நியாயமான தேய்மானம் நீங்கலாக."
எது நியாயம் என்று பத்தாம் பக்கத்தில் இல்லை.
இருபத்திரண்டு வரை தேடினேன். இல்லை.

நான் ரத்தம் எடுக்கிறவள்.
கோத்தகிரியில் லேப்.
கெங்கரையிலும் சோலூர்மட்டத்திலும் கட்டபெட்டிலும்
காப்பி குடிக்காமல் எனக்காகக்
கடுகடுத்துக் காத்திருப்பார்கள்.
ஐஸ் பெட்டியில் குழாய்கள் குலுங்கக் கூடாது,
தாமதமும் ஆகக் கூடாது.
முதல் கியரில் ஏறி
முதல் கியரிலேயே இறங்க வேண்டிய சந்துகள்.
இங்கே ஒருவருக்குக் கிளட்ச் தேயவில்லை என்றால்
வண்டியை வெளியே எடுக்கவில்லை என்று அர்த்தம்.
என் இடது முழங்காலும்தான் தேய்ந்திருக்கிறது.
அதை எந்தப் பக்கத்தில் எழுத?

போனில் அந்தப் பெண், பெயர் ஷாமிலி,
தன்மையாகத்தான் பேசினாள்.
"எல்லா கஸ்டமருக்கும் ஒரே ரேட்தான் மேடம்."
"உங்க கோயமுத்தூர்ல கொண்டை ஊசி இருக்கா?"
"சாரி மேடம்?"
"வளைவு. கொண்டை ஊசி வளைவு."
கொஞ்ச நேரம் வீணை வாசிக்க விட்டாள்.
திரும்பி வந்து, ஒடுக்கின் படத்தை அனுப்புவதாகச் சொன்னாள்.

அனுப்பாமல் இருந்திருக்கலாம்.

ராத்திரி அதைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
வெள்ளிக் கதவில் யார்டின் பனைமரம் விழுந்திருந்தது,
ஒடுக்கில் சிக்கி, இடுப்பொடிந்து.
மூலையில் தேதி. நான் சாவி கொடுத்து நாலு நாள் கழித்து.
எனக்கொரு பழக்கதோஷம் உண்டு.
குழாயில் லேபிள் ஒட்டியதும் படம் எடுத்துவிடுவேன்.
வண்டியை விட்ட அன்றும் எடுத்திருந்தேன்.
அதே கதவு. அதே பனை.
என் படத்தில் அது நேராக நிற்கிறது.

ஊட்டியில் நுகர்வோர் ஆணையம்.
வக்கீல் வேண்டாம், நீங்களே பேசலாம் என்றார்கள்.
நானே எழுதினேன், மூன்று தாள்.
புகார்தாரர் கிரிஜா போஜன் என்று எழுதும்போது
கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
இரண்டு பனைகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன்.

எதிர்தரப்பு வக்கீல் சமவெளிச் சட்டையில் நடுங்கினார்.
வராந்தாவில் மெதுவாகச் சொன்னார்,
"ஒடுக்கை விட்டுடறோம். கிளட்ச் மட்டும் கட்டிடுங்க."
"கையெழுத்து வாங்கும்போது
என் விலாசம் படிச்சீங்களா சார்?"
"படிச்சிருப்பாங்க."
"பின்கோடு?"
அவர் பதில் சொல்லவில்லை. உள்ளே கூப்பிட்டார்கள்.
பதிலுரைக்கு அவகாசம் கேட்டார், கொடுத்தார்கள்.
அடுத்த வாய்தா பத்தொன்பதாம் தேதி.
அன்று சோலூர்மட்டத்தில் ஐந்து பேருக்குச் சர்க்கரை டெஸ்ட்.
அதற்கு ஜீப் பிடிக்க வேண்டும்.

வெளியே அவர் காரின் பானெட்டைத் திறந்துவைத்து நின்றார்.
"ஏறும்போதே ஒரு கருகல் வாசனை வந்ததுங்க.
இது என்ன மேடம்?"
குனிந்து மோந்து பார்த்தேன்.
தெரிந்த வாசனைதான்.
"ஒன்பதாம் பக்கம்" என்றேன்.
கோத்தகிரி பஸ் வந்துவிட்டது.