சேதாரம்

நல்ல வட்டு படத்தில் வெளுப்பாய்த் தெரியுமாம்.
என் நான்காவதற்கும் ஐந்தாவதற்கும் நடுவில்
கறுப்பாய் ஒரு கோடு,
தீய்ந்த தோசையின் விளிம்பு மாதிரி.
டாக்டர் ஆங்கிலத்தில் சொன்னதை
பேருந்தில் உட்கார்ந்து தமிழாக்கிப் பார்த்தேன்.
தேய்மானம்.
(உட்காரவில்லை. நின்றபடிதான்.)

செருப்பு தேயும், டயர் தேயும்.
பாரந்தூக்கியின் கம்பிவடம் தேய்ந்தால்
நாள் குறித்து மாற்றிவிடுவார்கள்.

பாசிர் பாஞ்சாங்கில்
கண்ணாடித் தரை போட்ட கூண்டுக்குள்
பதினாறு வருடம் குனிந்தே இருந்தேன்.
கால்களுக்கு நடுவே கப்பல்.
முப்பது டன் கொள்கலனைத்
தூக்க எனக்கு இரண்டு விரல் போதும்.

"ஐந்து கிலோவுக்கு மேல் வேண்டாம்"
என்று எழுதிக் கொடுத்தார்கள்.
பேரங்காடியில் அரிசிப் பையே ஐந்து கிலோ.
உளுந்துக்கு மறுநாள் போக வேண்டும்.
மின்தூக்கி வாசலில் அந்தப் பையையும்
மகாலிங்கம் கேட்காமலே வாங்கிக்கொண்டார்.
நல்ல மனிதர்.
பதினோராவது மாடி வரை
அவர் முகத்தை நான் பார்க்கவில்லை.

சிராங்கூன் சாலை நகைக்கடையில்
சங்கிலியில் இல்லாத தங்கத்துக்கும்
சேதாரம் என்று காசு வாங்குவார்கள்.
எனக்கும் அதே கணக்குதான்.
முதுகில் இல்லாத நான்கு மில்லிமீட்டருக்குத்
தினமும் விடியலில் கட்டுகிறேன்:
ஒருக்களித்து, முழங்கால் மடக்கி,
கட்டில் விளிம்பைப் பிடித்து எழ ஒரு தவணை,
காலுறைக்கு ஒன்று,
தும்மலுக்குத் தனி.

ஹுய் லிங்குக்கு இருபத்தாறு வயது இருக்கும்.
"தூக்கக்கூடாதுன்னு யார் சொன்னது?" என்றாள்,
ஒரு துடைப்பக் கம்பை முதுகோடு வைத்து.
பின்தலை, முதுகு, வாலெலும்பு:
மூன்று இடமும் கம்பை விடாமல் குனிய வேண்டும்.
இரண்டு கையிலும் பை இருக்கும்போது
பின்புறத்தால் டாக்சிக் கதவைச் சாத்துவோமே, அப்படி.
மூன்று மாதம்
வரவேற்பறையில் யாருமில்லாத டாக்சியைச் சாத்தினேன்.

பிறகு சுவா சூ காங் ஜிம்.
இரவு வேலை முடித்து நேராகப் போவேன்.
தேசிய சேவைக்குக் காத்திருக்கும் பையன்கள்
நூற்று நாற்பதைத் தரை அதிரப் போடுவார்கள்.
என் கம்பியில் சின்னதாய் இரண்டு தட்டு.
"ஆன்ட்டி, இன்னும் எத்தனை செட்?"
யாரும் சொல்லித் தராத ஒன்று எனக்குத் தெரிந்திருந்தது.
கயிற்றின் தொய்வை எடுக்காமல் இழுத்தால்
கப்பலே குலுங்கும்.
முதலில் கம்பிவடம் இறுக வேண்டும்,
பாரம் தன் எடையை ஒப்புக்கொள்ள வேண்டும்,
பிறகுதான் மேலே.
மூச்சை அடிவயிற்றில் பூட்டி
கம்பிக்கும் கைக்கும் நடுவில் அந்தச் சின்ன "டிக்"
கேட்கும்வரை காத்திருந்தேன்.
தரை விட்டது.

பிப்ரவரியில் ஒருநாள் என்னை விட்டது.
முப்பத்தைந்துகூட இல்லை,
கீழே கிடந்த தண்ணீர்ப் புட்டி,
அதை எடுக்கப் போனபோது.
ரப்பர் தரையில் மல்லாந்து
மின்விசிறியின் தூசியை எண்ணினேன்.
சிக்ரி என்ற பையன்
என் முழங்காலுக்குக் கீழே ஓர் உருளையைச் செருகினான்.
ஆறுதல் ஏதும் சொல்லவில்லை.
என் தட்டுகளைக் கழற்றி அடுக்கினான்,
என் கம்பியைத் துடைத்தான்,
தன் செட்டுக்குப் போனான்.

மறுபடி துடைப்பக் கம்பு.

நோட்டில் இந்த வாரம்:
செவ்வாய், முப்பது கிலோ, ஐந்து முறை. வலி மூன்று.
புதன், ஒன்றுமில்லை. கூண்டில் நாற்பது நிமிடத்துக்கொரு முறை எழுந்தேன்.
வியாழன், தும்மல். வலி ஏழு.
வெள்ளி, அரிசி, உளுந்து, இரண்டும் நானே.
மின்தூக்கி பழுது.
படியேறவில்லை.
கீழ்த்தளத்தில் பைகளை வைத்துவிட்டு
சரிசெய்ய ஆள் வரும்வரை
நின்றுகொண்டே காத்திருந்தேன்.