எடு, கூட்டு, வை

குறிகாட்டுவான் இறங்குதுறையில்
இரண்டு வாசல். இரண்டிலும் ஒவ்வொரு சிவப்புக் கதிர்.
கடந்து போகிற ஒவ்வொரு உடம்புக்கும்
ஒன்று கூட்டு என்று எழுதியவள் நான்.
ஒரே ஒரு வரி.

வெள்ளிக்கிழமை, நயினாதீவுக்குப் போகிற சனம்.
திரையில் எழுபத்தொன்பது.
றொசாந்தன் படகுக்குள் இறங்கித்
தோள் தோளாய்த் தொட்டு எண்ணிக்கொண்டு வந்தான்.
"எண்பது. உங்கட பெட்டி
ஓராளைக் கடலுக்குள்ள போட்டிட்டுது, மிஸ்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான்.
எனக்கு அன்றிரவு சோறு இறங்கவில்லை.

கொக்குவில் அறையில் பழைய இன்டெல் பெட்டி,
ஒற்றைக் கோர், காற்றாடி இருமும்.
பத்து லட்சம் தரம் ஓட்டினேன்.
பத்து லட்சமாகவே வந்தது.
பிழை என்னிலில்லை என்று
ஒரு கோப்பை தேத்தண்ணி முடிகிற நேரம் மட்டும் நம்பினேன்.

துறையில் இருக்கிற உள்ளங்கைப் பலகை
ஆர்ம் என்பது பிறகுதான் உறைத்தது. நாலு கோர்.
என் ஒரு வரியைப் பிரித்துப் பார்த்தேன்.
எடு.
கூட்டு.
வை.
மூன்றுக்கும் நடுவில்
ஒரு மனிசர் விழக்கூடிய அளவுக்கு
இடம்.

கிழக்கு வாசல் நாற்பத்தொன்றை எடுக்கிறது.
மேற்கு வாசலும் அதே நாற்பத்தொன்றை எடுக்கிறது.
இரண்டும் ஒழுங்காய்க் கூட்டுகின்றன.
இரண்டும் நாற்பத்திரண்டு என்று
ஒன்றின் மேல் ஒன்றாய் எழுதுகின்றன.
யாரும் பொய் சொல்லவில்லை.
ஓராள் இல்லை.

பழைய பெட்டியில் அது ஒரே கட்டளை,
ஒற்றைக் கோரில் நடுவே நுழைய ஆளில்லை.
என் கெட்டித்தனம் அல்ல அது.
அயலில் குடியில்லாத வீட்டில்
கதவைப் பூட்டாமல் படுத்திருந்திருக்கிறேன், அவ்வளவுதான்.

"நான் எழுதி முடிக்குமட்டும்
எல்லாரும் அப்படியே நில்லுங்கோ"
என்று கேர்னல் சொல்லலாம்.
என்னுடையது பயனர் நிரல், அதற்கு அந்த அதிகாரம் இல்லை.
ஒருவர் எண்ணி முடிக்க
ஊர் முழுக்க வெயிலில் நின்ற நாட்களைக்
கேட்டு வளர்ந்தவள் நான்,
அது இல்லாததில் கவலையுமில்லை.

ஆர்மிடம் வேறு வழி இருந்தது.
இலக்கத்தை எடுக்கும்போதே அதில் ஒரு கண் வை.
திருப்பி வைக்கப் போகையில்
இடையில் யாரும் தொட்டிருந்தால்
உன் எழுத்து ஏறாது.
கோபிக்காதே. புதிதாய் எடு, திரும்பக் கூட்டு.
இன்டெல்லோ முன்னால் ஒரு பூட்டுச் சொல்லைப் போட்டு
ஒரே மூச்சில் முடிக்கும்.
'அணுவாய்க் கூட்டு' என்று நான் ஒருக்கா எழுதினால் போதும்,
கொம்பைலர் அந்தந்த ஊர் வழக்கில் அதைச் சொல்லும்.

அதோடு முடியவில்லை.
மொத்தத்தை எழுதிய பிறகே
'வாசல் மூடியாச்சு' என்ற கொடியை ஏற்றினேன்.
மற்றக் கோருக்குக் கொடி முதலில் தெரிந்தது.
பழைய மொத்தத்தோடு படகை விடச் சொன்னது.
நான் போட்ட ஒழுங்கு
பார்க்கிறவருக்கு அதே ஒழுங்கில் போய்ச் சேரவேண்டும் என்று
அங்கே சட்டம் இல்லை.
எழுதுகிற பக்கம் ஒரு தடுப்பு,
வாசிக்கிற பக்கம் ஒன்று.
வைத்து முடிக்க மூன்றரை மணி.
ரயில் பாதைப் பக்கம் நாய்கள் குரைத்தன.

அடுத்த வெள்ளி
இரண்டு வாசலிலும் இடிபாடு.
திரையில் எண்பத்திரண்டு.
றொசாந்தன் தோள் தொட்டு வந்தான்.
"எண்பத்திமூண்டு."

வயிறு கலங்கியது.
அவன் மூலையைக் காட்டினான்.
சேலைத் தலைப்புக்குள், தாயின் நெஞ்சோடு
ஒட்டிக்கொண்டு நித்திரையாய் ஒன்று.
கதிருக்குக் குறுக்கே இருவரும்
ஒரே தரம் வந்திருக்கிறார்கள்,
பிரிக்க முடியாதபடி.

இதற்கு எந்தப் புறொசஸரிலும் கட்டளை இல்லை.
சின்ன அளவு மிதவை அங்கி
தேடி எடுக்கப் போனான் அவன்.
நான் பலகையின் மூடியை இறுக்கினேன்.
உப்புக்காற்றில் ஒரு திருகாணி
அதற்குள் துருப்பிடித்திருந்தது.