ஆசிரியர் பெயர்

யோயென்சு நகரம். ஜனவரி.
மூன்று மணிக்கே இருட்டிவிட்டது.

ராய்லி கொண்டுவந்தது ஓர் உடைந்த சக்கரம்,
பாத்திரம் கழுவும் இயந்திரத்தின் கீழ்த்தட்டில் ஓடுவது.
கம்பெனி கைவிரித்துவிட்டதாம்.
பக்கத்து மேசையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த ஹோதன்
அளவுகோலோடு எழுந்து வந்தாள்,
யாரும் கூப்பிடாமல்.
தையல் மெஷினை நிறுத்திவிட்டு எஸ்கோ சொன்னார்:
துளை இறுகினால் சுற்றாது, அரை மில்லி கூட்டு.

இயந்திரம் பிளாஸ்டிக் நூலை உருக்கி
கோலம் போடுவதுபோல் அடுக்கடுக்காய் இழைத்தது.
முதல் சக்கரம் நுழையவில்லை.
இரண்டாவது நுழைந்தது, சுற்றவில்லை.
உஷ் என்று சொல்வது ஒருகாலத்தில் என் வேலை.

மூன்றாவது
மேசையின் இந்த முனையிலிருந்து ஓடி
அந்த முனையில் விழுந்து
அகராதி அலமாரிக்கு அடியில் போய்விட்டது.
மூன்று பேரும் தரையில் படுத்துத் தேடினார்கள்.

வரைபடத்தை எங்களுக்கே விட்டுப்போனார்கள்.
வேறு வீட்டில் உடையாமலா இருக்கும்?

விளக்கணைக்கும் முன் பட்டியலில் ஏற்றுகிறேன்.
தலைப்பு: சக்கரம். பக்கங்கள்: இல்லை.
ஆசிரியர் என்ற கட்டத்தில் விரல் நிற்கிறது.
ஐந்து மணி நேரம், "இங்கே பிடி", "கொஞ்சம் பொறு";
ஒருவர் பெயரை ஒருவர் கேட்கவே இல்லை.

நூலக அட்டைகளில் இருந்தன.
அருகருகே தட்டினேன்.