முதுகுக்குப் பின்னால் ஒரு பகிடி

திரைக்குக் கீழே மணலில் ஒரு சாக்கு,
சாக்கில் நான், எனக்கு முன்னால் ஆர்மோனியம்.
முகம் சனத்தைப் பார்த்தபடி.
அப்படித்தான் இருக்கவேணும் என்றார் அசனார் முதலாளி:
"படத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய்.
சிரித்தால் கை நிற்கும்.
கை நின்றால் கூலி நிற்கும்."

டச்சுக் குடாவை ஒட்டிய கொட்டகையில்
ஏழு மாதம்
ஒரு படமும் பார்க்காமல்
எல்லாப் படத்துக்கும் வாசித்தேன்.

ஆனாலும் தெரியும்.
தடியன் ஏணியில் ஏறினால்
முன்வரிசைக் கழுத்தெல்லாம் ஒன்றாக நீளும்.
ஏணி சரியப்போகிறது என்றால்
மூதூர்த் தோணிக்காரர்
வாயில் போட்ட கச்சானைக் கடிக்காமல் வைத்திருப்பார்கள்.
அந்தக் கடிக்காத நேரம்தான் என்னுடையது.
துருத்தியைப் பிடித்து ஒரு மூச்சு நிறுத்தி
மேல் கட்டையிலிருந்து ஐந்து விரலையும்
உருட்டிவிடுவேன்.
கதிரையில் கப்பல்காரத் துரைமார்,
மறைப்புக்கு அந்தப் பக்கம் பெண்கள்,
எல்லாரும் ஒரே பாஷையில் சிரிப்பார்கள்.

காந்தாரக் கட்டை மட்டும் ஓட்டை.
அமுக்கினால் முனகும்.
நாடகத்துக்கு வாசித்த காலத்தில்
அந்த முனகலுக்குத்தான் பெண்கள் மூக்குச் சிந்துவார்கள்.
ராசா சாக ஒன்பது பாட்டு எடுப்பார்,
சனம் பத்தாவதைக் கேட்கும்,
எழும்பிப் பாடிவிட்டு
மறுபடி படுத்துச் சாவார்.
இங்கே அதே முனகல்
தடியனின் ஏப்பம்.

இப்படி இருக்கும்போது வந்தான் காளிக்குட்டி.
எண்ணெய்த் தாங்கிகளுக்கு ஆணி அடிக்கிறவன்.
இரும்புக்குள் இருந்து இரும்பை அடித்து அடித்து
இரண்டு காதும் போய்விட்டன என்றார்கள்.
ஐந்து சதம் கொடுத்து
எனக்கு நேர் எதிரே சப்பணம் கட்டினான்.
ஏணி சரிந்தது, கொட்டகை அதிர்ந்தது,
அவன் முகம் கல்.
சரி, காது கேளாதவன், விடு என்று நினைத்தேன்.
பிறகு
யாரும் சிரிக்காத இடத்தில்,
நான் சும்மா நடைக்கு வாசித்துக்கொண்டிருந்த இடத்தில்,
ஒற்றையாளாய்ச் சிரித்தான்.
வயிற்றைப் பிடித்துக்கொண்டு.
கண்ணீர் வர.

அடுத்த இரவும் அதே இடம், அதே சிரிப்பு.
மூன்றாம் இரவும்.

சிரிப்பு என் பெட்டியிலிருந்து புறப்படுகிறது என்று
ஏழு மாதம் நம்பியிருந்தவன் நான்.
நாலாம் இரவு பொறுக்கவில்லை.
அந்த இடம் வந்ததும்
திரும்பிப் பார்த்தேன்.

கச்சான் காற்றில் திரை புடைத்திருந்தது.
தடியன் இன்னும் தடித்து
யாரோடோ பெரிய சண்டையில் இருந்தான்.
பின்னால், மூலையில்,
ஒரு கடைக்காரன்
நடக்கிற எதையும் பாராமல்
தன் தொப்பியைத் துடைத்துக்கொண்டிருந்தான்.
துடைத்தான். போட்டான். கழற்றினான்.
திருப்தியில்லை. மறுபடி துடைத்தான்.
உலகம் உடைகிறது, இவனுக்குத் தொப்பி.

அவ்வளவுதான்.
அந்த மூலைக்கு யாரும் வாசித்ததில்லை.

கை நின்றுபோனது தெரியவில்லை.
பெட்டி அடங்கிய சத்தத்துக்கு
சனம் திரையை விட்டு என்னைப் பார்த்தது:
வாய் திறந்து, கழுத்து முறுக்கி,
விரல்கள் கட்டையை மறந்து கிடக்க.
அன்றைக்கு விழுந்த பெரிய சிரிப்பு அதற்குத்தான்.

முதலாளி அரை ரூபாய் வெட்டினார்.

மறுநாள் சலூன் முத்துக்குமாருவிடம்
முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று இரவல் வாங்கி
பெட்டி மேலே சாய்த்தேன்.
இப்போது தடியன் இடது கையால் அடிக்கிறான்,
எழுத்தெல்லாம் தலைகீழ்ப் பாஷை.
பரவாயில்லை. மூலை தெரிகிறது.

மெஷின் வெளிச்சம் கண்ணாடியில் பட்டு
ஒரு துண்டு
காளிக்குட்டியின் மூக்கில் போய் உட்கார்ந்தது.
ஈ என்று நினைத்து அறைந்தான்.
போகவில்லை. மறுபடி அறைந்தான்.
பின்வரிசை அவனைப் பார்த்துச் சிரிக்கத் தொடங்கியது,
அவனுக்குக் கேட்கவில்லை,
அவன் மூலைக் கடைக்காரனைப் போல
வேலையிலேயே கண்ணாக இருந்தான்.

நான் காந்தாரத்தை அமுக்கினேன்,
இந்த முறை அவனுக்காக.
பிறகு எனக்கே சிரிப்பு வந்து
தாளம் தப்பியது.